கனி வாரும் சீப்பு

தலை வாரும் சீப்பை எல்லாரும் அறிவர். கனி வாரும் சீப்பு ஒன்றும் உலகில் உண்டு. குப்பை அள்ளும் முறத்தைப் போன்ற ஓர் உலோகப் பெட்டி. அதன் முன்விளிம்பில் நெருக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிப் பற்கள். மேலே ஒரு கைப்பிடி. பார்ப்பதற்கு இவ்வளவுதான். இதில் எந்திரம் இல்லை, மின்சாரம் இல்லை, சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லை. ஆயினும், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தில், ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் ஆயிரக்கணக்கானோரின் வருமானம் நெடுங்காலம் இந்தக் கருவியையே நம்பியிருந்தது. இன்று அந்த எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. ஏன் குறைந்தது என்பதை அறிய, முதலில் அந்தச் சீப்பு எந்தக் கனிக்காக உருவானது என்பதைப் பார்க்க வேண்டும்.

பேரங்காடிகளில் சிறிய நெகிழிப் பெட்டிகளில் விற்கப்படும் புளூபெர்ரிகள் பருமனானவை. அவை மனிதரின் நெஞ்சுயரத்திற்கும் மேல் வளரும் செடிகளில் காய்ப்பவை. தோட்டங்களில் வரிசையாக நட்டு வளர்க்கப்படுபவை. நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த எலிசபெத் வைட் என்னும் பெண்மணியும் ஃபிரெடெரிக் கோவ்வில் என்னும் தாவரவியலாளரும் காட்டுச் செடிகளைத் தேர்ந்தெடுத்து, பல ஆண்டுகள் முயன்று அந்தப் பயிரை உருவாக்கினர். அதன் முதல் விளைச்சல் 1916ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தது.

மெய்ன் மாநிலத்தில் விளைவதோ அதன் சிறிய உறவு. அதைக் 'காட்டுப் புளூபெர்ரி' என்பார்கள். கனி பட்டாணியின் அளவே இருக்கும். செடி முழங்காலைக்கூட எட்டாது. பல இடங்களில் கணுக்காலைத் தாண்டுவதே அரிது. இந்தச் செடியை யாரும் நடுவதில்லை. மண்ணுக்கடியில் கிடைமட்டமாக ஓடும் தண்டுகள் மூலம் அது தானாகவே பரவுகிறது. மேலே தெரிவது செடியின் ஒரு சிறு பகுதிதான். பெரும்பகுதி நிலத்துக்குள் மறைந்து கிடக்கிறது. ஒரே செடி பல சதுர மீட்டர் பரப்பை மூடிவிடும். அடுத்த திட்டில் இருப்பது வேறொரு செடி. அதனால், ஒரே வயலில் ஓரிடத்தில் வெளிர்நீலக் கனியும் அதன் பக்கத்திலேயே கறுப்பு நிறக் கனியும் கிடைக்கும். சுவையும் இடத்துக்கிடம் சற்று மாறும்.

இந்தச் செடி வளரும் நிலமும் விந்தையானது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியை மூடியிருந்த பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது, மணலையும் சரளைக் கல்லையும் பெரும் பாறைகளையும் விட்டுச் சென்றன. அமிலத்தன்மை மிகுந்த அந்த மண்ணில் நெல்லோ கோதுமையோ செழிக்காது. ஐரோப்பியக் குடியேறிகள் அதைத் 'தரிசு' என்று பெயரிட்டு அழைத்தனர். ஆனால், அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே அங்கு வாழ்ந்த வபனாக்கி மக்கள் அந்த நிலத்தைத் தரிசாகக் கருதவில்லை. அவர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் நிலத்துக்குத் தீ வைத்தனர். மரக்கன்றுகளும் புதர்களும் கருகின. மண்ணுக்கடியில் இருந்த புளூபெர்ரித் தண்டுகள் மட்டும் பிழைத்து, முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்த்தன. கனிகளைப் பச்சையாகத் தின்றதோடு, உலர்த்திக் குளிர்காலத்துக்கும் சேமித்தனர். அந்தத் தீ வைக்கும் வழக்கத்தைக் குடியேறிகளும் பின்னர் அவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டனர்.

நெடுங்காலம் இந்தக் கனிகள் கையால்தான் பறிக்கப்பட்டன. ஒரு குடும்பத்தின் தேவைக்கு அது போதும். 1860களில் நிலைமை மாறியது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. கடற்கரை ஊர்களில் இருந்த ஆலைகள் புளூபெர்ரியைத் தகர டின்களில் அடைத்துப் படையினருக்கு அனுப்பின. போர் முடிந்த பின்னரும் டின் பெர்ரிக்கான தேவை குறையவில்லை. ஆலைக்கோ வண்டி வண்டியாகப் பழம் வேண்டும்; பறிப்பவருக்கோ இருப்பது பத்து விரல்கள். அதுவும், கனியோ மிகச் சிறியது. செடியோ தரையோடு தரையாகக் கிடப்பது. ஒவ்வொரு கனியாகக் கிள்ளிக் கிள்ளி ஒரு வாளியை நிரப்புவதற்குள் முதுகு விட்டுப்போகும்.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர் கொலம்பியா ஃபால்ஸ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த அபைஜா டாபட் என்று அப்பகுதியினர் கூறுகின்றனர். 1883ஆம் ஆண்டில் அவர் புளூபெர்ரிச் சீப்பை உருவாக்கினார் என்பது அங்கு வழங்கும் வரலாறு. அக்காலத்தில் கிரான்பெர்ரி என்னும் மற்றொரு கனியை வார, மரத்தால் செய்த பல்வைத்த அள்ளிகளும் பயன்பாட்டில் இருந்தன. எனவே, பற்களால் கனியை வாருவது என்ற எண்ணம் முற்றிலும் புதியது அன்று. ஆனால், தரையை ஒட்டிய மிகச் சிறிய கனிக்கு ஏற்றவாறு அதை வடிவமைத்ததே முக்கியமான வேலை. நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்தும் அதன் வடிவம் பெரிதாக மாறவில்லை. தகரத்தின் இடத்தை அலுமினியம் பிடித்தது, அவ்வளவே.

அந்த வடிவத்தைச் சற்று உற்று நோக்கலாம். பற்கள் நீளமான எஃகுக் கம்பிகள். நுனி கூராகவும் சற்றே மேல்நோக்கி வளைந்தும் இருக்கும். ஒரு சீப்பில் நாற்பது பற்கள் இருக்கலாம். அகலமானவற்றில் எண்பதுவரையும் இருக்கும். இரண்டு பற்களுக்கு இடையே உள்ள இடைவெளிதான் இக்கருவியின் உயிர். அந்த இடைவெளி செடியின் தண்டைவிட அகலமாக இருக்க வேண்டும். கனியின் விட்டத்தைவிடக் குறுகலாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் தண்டு நழுவிச் செல்லும், கனி தடுக்கப்படும். இடைவெளி கூடினால் பழம் தரையில் சிந்தும். குறைந்தால் தண்டு சிக்கிச் செடியே பிய்ந்து வரும். கைப்பிடி பெட்டியின் பின்புறத்தில் இல்லாமல் மேற்புறத்தில் பொருத்தப்பட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. பெட்டி நிறைய நிறைய, பழத்தின் எடை கைக்கு நேர் கீழே அமைகிறது. கைப்பிடி பின்னால் இருந்தால், நிறைந்த பெட்டியின் முன்பக்கம் தாழ்ந்து மணிக்கட்டை இழுத்துக்கொண்டே இருக்கும்.

சீப்பைப் பிடித்தவுடன் புதியவர்கள் செய்யும் முதல் வேலை, அதைப் புல் வெட்டுவதுபோல் வேகமாக இழுப்பது. அது தவறு. பற்களைக் கனிக்கொத்துகளுக்கு அடியில், தரைக்குச் சற்று மேலே, மெல்ல முன்னோக்கிச் செலுத்த வேண்டும். பிறகு மணிக்கட்டைப் பின்புறமாகச் சாய்த்துப் பெட்டியைத் தூக்க வேண்டும். இழுப்பது அன்று, தொட்டிலை ஆட்டுவதுபோல் உருட்டித் தூக்குவது. அப்போது தண்டுகள் பற்களின் இடையே வழுக்கிச் செல்ல, பழுத்த கனிகள் காம்பிலிருந்து கழன்று பெட்டியின் பின்பகுதிக்கு உருண்டோடும். நன்கு பழுத்த கனி இலேசாகத் தொட்டாலே கழன்றுவிடும் என்பதால் வலிமை தேவையில்லை. பற்களை மிகவும் தாழ்த்தினால் கல்லில் இடித்து வளையும். உயர்த்தினால் கீழ்க்கொத்துகள் தப்பிவிடும். நிலம் சமமாக இல்லாததால் ஒவ்வொரு வீச்சிலும் கை தானாகவே உயரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த வேலையில் கற்றுக்கொள்ள ஏதுமில்லை என்று நினைப்பவர், அனுபவசாலியின் பெட்டியையும் தம் பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஒன்றில் கனி மட்டும் இருக்கும்; மற்றொன்றில் இலையும் புல்லும் நசுங்கிய பழமும் கலந்து கிடக்கும்.

எவ்வளவு திறமையாக வாரினாலும் சில இலைகள் வந்தே தீரும். அவற்றை நீக்க, வயலோரத்திலேயே விசிறி பொருத்திய சிறிய எந்திரம் ஒன்றை வைத்திருப்பார்கள். கனிகளை அதில் கொட்டினால், முறத்தில் தூற்றும்போது பதர் பறப்பதுபோல் இலைகள் காற்றில் பறந்துவிடும். பிறகு கனிகள் ஆலைக்குச் செல்லும். மெய்ன் மாநிலத்தின் காட்டுப் புளூபெர்ரியில் ஏறத்தாழ முழுவதும் இப்போது உறைய வைக்கப்பட்டே விற்பனைக்குப் போகிறது. புதிய பழமாக விற்பனையாவது நூற்றில் ஒரு பங்கு அளவே.

அறுவடை தொடங்கும் முன், வயல் முழுவதும் நீளமான கயிறுகளைக் கட்டிப் பாதைகளாகப் பிரிப்பார்கள். மேலிருந்து பார்த்தால் ஓட்டப் பந்தயத் திடல்போல் தெரியும். ஒரு பாதை ஒருவருக்கு அல்லது ஒரு குடும்பத்துக்கு. அவர் தம் பாதையை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குச் செல்ல வேண்டும். கனி அடர்ந்த இடத்தை மட்டும் வாரிவிட்டு, களை மண்டிய இடத்தை அடுத்தவருக்கு விட்டுச்செல்ல இயலாது. எளிய கயிறு ஒன்று நியாயத்தைக் காத்துவிடுகிறது.

கூலி பெட்டிக் கணக்கில் கொடுக்கப்படும். ஒரு பெட்டி பெர்ரி சுமார் 23 பவுண்டு, அதாவது பத்துக் கிலோவுக்குச் சற்று அதிகம். அண்மைய பதினைந்து இருபது ஆண்டுகளில், பெட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று அமெரிக்க டாலர்வரை கிடைத்தது. மிகத் திறமையானவர் நல்ல வயலில் ஒரே நாளில் நூறு பெட்டியை நெருங்கக்கூடும். அது ஒரு டன் பழம்! ஆனால், எல்லாருக்கும் அது கைவராது. புதியவர் பத்து இருபது பெட்டிகளோடு களைத்து உட்கார்ந்துவிடுவார். மழை பெய்தால் வேலை இல்லை. ஈரப் பழம் நசுங்கிவிடும் என்பதால், காலைப் பனி உலரும்வரை காத்திருக்கவும் நேரும். பெட்டிக் கணக்கில் கூலி பெறுபவருக்கு, காத்திருக்கும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது.

உடலும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. நாள் முழுவதும் இடுப்பிலிருந்து குனிந்து நின்று, ஆயிரக்கணக்கான முறை மணிக்கட்டைத் திருப்பும் வேலை இது. முதுகுவலியும் மணிக்கட்டு வலியும் அறுவடைக் கால மருத்துவ முகாம்களில் வழக்கமான புகார்கள். இதைக் கண்ட தொழில்நல ஆய்வாளர்கள், கைப்பிடியை நீளமாக்கிய சீப்புகளைத் தொழிலாளர்களிடமே கொடுத்துப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார்கள். நீண்ட பிடி இருந்தால் அதிகம் குனிய வேண்டியதில்லை. இரு கைகளாலும் பிடித்துச் சுமையைப் பகிரலாம். அறையில் உட்கார்ந்து வரைந்ததைக் கையில் திணிக்காமல், வயலில் நிற்பவரின் கருத்தைக் கேட்டுச் செய்ததால், அந்தச் சீப்பு பலருக்கும் பிடித்துப் போயிற்று. நூறாண்டாக மாறாத கருவியில் நேர்ந்த குறிப்பிடத்தக்க மாற்றம் இதுவாகத்தான் இருக்கும்.

இந்த வயல்களில் யார் யார் வேலை செய்தனர்? உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் பலர், புதிய பள்ளியாண்டுக்கான உடைகளையும் காலணிகளையும் பெர்ரி வாரிய பணத்தில் வாங்கினர். மெக்சிகோ, ஹோண்டுராஸ் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள், ஒரு மாநிலத்தில் தக்காளி, மற்றொன்றில் ஆப்பிள் என்று அறுவடையைப் பின்தொடர்ந்து பயணம் செய்யும் வழியில், ஆகஸ்டு மாதத்தில் மெய்னுக்கு வந்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்காகவே அங்கு அறுவடைக் காலப் பள்ளி ஒன்றும் நடத்தப்படுகிறது. பெற்றோர் வயலில் இருக்கும்போது பிள்ளைகள் பாடம் படிக்கின்றனர்.

இவர்கள் அனைவருக்கும் முன்பிருந்தே வந்தவர்கள் வபனாக்கி இனத்தவரான பாசமகுவாடி மக்களும் மிக்மாக் மக்களும். மிக்மாக் குடும்பங்கள் கனடாவிலிருந்து எல்லையைக் கடந்து வந்து, வயலோரக் குடில்களில் தங்கின. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறையினர் ஒரே பாதையில் வாரினர். பகலில் வேலை, மாலையில் உறவினரின் கூட்டம். ஆண்டு முழுவதும் வெவ்வேறு ஊர்களில் வாழ்ந்தவர்கள் சந்திக்கும் இடமாகவும் அந்த வயல்கள் இருந்தன. கூலிக் கணக்கில் எழுதப்படாத வருமானம் அது.

பாசமகுவாடி மக்களின் நிலை நெடுங்காலம் முரணாக இருந்தது. தம் முன்னோர் தீ வைத்துப் பேணிய நிலத்திலேயே அவர்கள் பிறருக்குக் கூலிகளாக வாரினர். மெய்ன் மாநிலத்தின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் தம்மிடமிருந்து முறையற்ற வழியில் பெறப்பட்டது என்று, பாசமகுவாடி, பெனோப்ஸ்காட் ஆகிய இரு இனத்தாரும் 1970களில் வழக்காடினர். 1980ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, 81.5 மில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டு உடன்பாடு எட்டப்பட்டது. அதன் பின்னர், பாசமகுவாடி மக்கள் வாங்கிய சொத்துகளுள் ஒரு பெரிய புளூபெர்ரிப் பண்ணையும் அடங்கும். சீப்பு பிடித்த கைகளுக்கே வயலும் சொந்தமாயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழலாம். செடியைச் சீப்பால் வாருவது அதற்குக் கேடில்லையா? இலைகள் பிய்கின்றனவே, தண்டுகள் முறிகின்றனவே! மெய்னில் இதற்கு விடை, செடியின் வாழ்க்கை முறையில் இருக்கிறது. அங்கு ஒரு வயல் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் காய்க்கும். அறுவடை முடிந்ததும் செடிகளைத் தரைமட்டத்துக்கு வெட்டிவிடுகின்றனர். அல்லது பழைய முறைப்படி எரித்துவிடுகின்றனர். அடுத்த ஆண்டு முழுவதும் புதிய தண்டு வளர்வதிலேயே கழிகிறது. அதற்கடுத்த ஆண்டில்தான் கனி. ஆகவே, சீப்பு சில தண்டுகளை முறித்தாலும், எப்படியும் வெட்டப்படவிருந்த தண்டுகளே அவை. செடியின் உயிரோ மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்கிறது. மேலும், கனிகள் தண்டின் நுனியில் கொத்துக் கொத்தாகக் காய்ப்பதால், ஒரே வீச்சில் நிறையக் கனி கிடைக்கும், சேதம் குறைவு.

ஆனால், இதே சீப்பை அமெரிக்காவின் மறுகோடிக்குக் கொண்டு சென்றால் கதை வேறாகிவிடும். பசிபிக் பெருங்கடலை ஒட்டிய வாஷிங்டன் மாநிலத்தின் மலைகளில் ஹக்கிள்பெர்ரி விளைகிறது. அதுவும் புளூபெர்ரியின் உறவுதான். ஆயினும், அது இடுப்பளவு வளரும் புதர். மலைக் குளிரில் மிக மெதுவாக வளர்வது. கனிகள் கொத்தாகக் காய்ப்பதில்லை; இலைக் காம்பின் அருகே ஒவ்வொன்றாகக் காய்க்கின்றன. சீப்பால் வாரினால் கனியோடு இலைகளும் சிறு கிளைகளும் உரிந்து வந்துவிடும். அந்தப் புதரை யாரும் ஆண்டுதோறும் வெட்டிப் புதுப்பிப்பதும் இல்லை. முறிந்தது முறிந்ததுதான், அடுத்த ஆண்டுகளின் விளைச்சலும் அதனோடு போயிற்று.

அந்த மலைகளில் கனி பறிப்பது யாக்கமா முதலிய பழங்குடி மக்களின் நெடுங்கால வழக்கம். அது அவர்களுக்கு உணவு மட்டுமன்று, சடங்குக்கும் உரியது. 1930களின் பொருளாதார நெருக்கடியின்போது, வேலை இழந்த ஆயிரக்கணக்கானோர் விற்பனைக்காகக் கனி பறிக்க அங்கே குவிந்தனர். பழங்குடியினரின் இடம் சுருங்கியது. 1932ஆம் ஆண்டில் யாக்கமா தலைவர் வில்லியம் யாலப்பும் அரசின் வனத்துறை அதிகாரி ஒருவரும் பேசி முடிவெடுத்தனர். சாடூத் என்னும் இடத்தில் ஒரு பகுதி பழங்குடி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. கைகுலுக்கிச் செய்துகொண்ட அந்த உடன்பாடு இன்றும் மதிக்கப்படுகிறது; எல்லையைக் காட்டும் அறிவிப்புப் பலகைகளும் அங்கு உள்ளன. பிற்காலத்தில் விற்பனைக்காகச் சீப்போடு வருவோர் பெருகியதால், புதரைச் சேதப்படுத்தும் வகையில் சீப்பையோ எந்திரத்தையோ பயன்படுத்தி ஹக்கிள்பெர்ரி பறிக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே தடுக்கிறது. மெய்னில் குடும்பங்களை வாழவைத்த கருவி, வாஷிங்டனில் குற்றத்துக்கான சான்று!

மெய்னிலும் சீப்புக்குப் போட்டி வந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷா மாநிலத்தில் உருவாக்கப்பட்டு, 1980களிலிருந்து பரவத் தொடங்கிய அறுவடை எந்திரமே அது. டிராக்டரின் பக்கவாட்டில் பொருத்தப்படும் அந்த எந்திரத்தில் ஓர் உருளை சுழலும். உருளையைச் சுற்றி வரிசை வரிசையாக இருப்பவை என்ன தெரியுமா? அதே வளைந்த கம்பிப் பற்கள்தாம்! சீப்பை எந்திரம் ஒழித்துவிடவில்லை. அதைப் பல மடங்காக்கிச் சுழலவிட்டது. ஒழிந்தது, அதைப் பிடித்திருந்த கையின் வேலை.

எந்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. நிலம் சமமாக இருக்க வேண்டும். பனிப்பாறைகள் விட்டுச் சென்ற கற்களை அகற்றாமல் அது ஓடாது. வசதி படைத்த நிறுவனங்கள் பாறைகளைப் பெயர்த்து நிலத்தைச் சமப்படுத்தின. சிறு விவசாயிகளால் அது எளிதாக முடியவில்லை. இருப்பினும், விலை வீழ்ச்சி பலரையும் எந்திரத்தின் பக்கம் தள்ளியது. 2014ஆம் ஆண்டில் மெய்னில் 104 மில்லியன் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 47,000 டன் பெர்ரி விளைந்தது. கனடாவிலும் விளைச்சல் பெருகியது. விளைவு, 2011இல் பவுண்டுக்கு ஏறக்குறைய 90 சென்டு பெற்ற விவசாயி 2016இல் 27 சென்டுதான் பெற்றார்.

இதன் பொருளைச் சிறிய கணக்கொன்று காட்டும். 23 பவுண்டுப் பெட்டிக்கு இரண்டரை டாலர் கூலி என்று வைத்துக்கொண்டால், ஒரு பவுண்டுக்குச் சுமார் 11 சென்டு கூலி. பழம் 90 சென்டு விற்றபோது, அது விலையில் எட்டில் ஒரு பங்கு. 27 சென்டு விற்றபோதோ ஐந்தில் இரண்டு பங்கு! வாருபவரின் கூலி ஒரு சென்டுகூட உயரவில்லை. ஆயினும், விவசாயியின் கண்ணுக்கு அது திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. யாரையும் குறை சொல்ல முடியாத நிலை இது. அந்தக் கூலியிலும் குறைத்தால் தொழிலாளி எதற்கு வருவார்? குறைக்காவிட்டால் விவசாயிக்கு என்ன மிஞ்சும்?

இப்போது மெய்னின் பெரும்பகுதி வயல்களில் எந்திரமே வாருகிறது. பாசமகுவாடி மக்களின் பண்ணையும் இதிலிருந்து தப்பவில்லை. சமமான இடங்களில் அங்கும் டிராக்டர் ஓடுகிறது. ஆனால், அவர்கள் ஒரு பகுதியை வேண்டுமென்றே கை அறுவடைக்கு விட்டு வைத்தனர். எல்லாவற்றையும் எந்திரத்திடம் ஒப்படைத்தால் செலவு இன்னும் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. அந்த வேலையை நம்பி வரும் உறவினர்களும், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் மிக்மாக் குடும்பங்களும் அவர்களுடைய கணக்கில் சேர்ந்திருந்தனர். ஒரு பண்ணை தன் இலாபத்தை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதற்கு ஒரே விதிதான் உண்டு என்று சொல்ல முடியாது.

மற்ற இடங்களில், கையில் பிடிக்கும் சீப்பைக் காப்பாற்றி வைத்திருப்பவை கற்கள்தாம். பாறைகள் துருத்திக்கொண்டிருக்கும் சரிவுகளிலும், வயல் காட்டைத் தொடும் ஓரங்களிலும் டிராக்டர் நுழைய முடியாது. ஜூலை இறுதியில் கனி நீலமாகத் தொடங்கியதும், அந்த இடங்களில் மட்டும் மீண்டும் கயிறு கட்டுகிறார்கள். வளைந்த பற்களை நிமிர்த்திச் சீப்புகளைத் தயார் செய்கிறார்கள்.